அணைக்க முடியாத அடுப்பு

2001-ம் வருடம், டிசம்பர் 2-ம் தேதி. இடம் ஜார்ஜியா. அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லை. ரஷ்யாவுக்குத் தெற்கே, கருங்கடல் ஓரமாக ஒரு குட்டி தேசம் இருக்கிறதே, ஸ்டாலின் பிறந்த மண், அந்த ஜார்ஜியா. லியா என்கிற கிராமத்திலிருந்து மூன்று பேர் விறகு சேகரிக்க மலைக்காட்டுக்குள் போனார்கள். நல்ல பனிக்காலம். இருட்டுகிற நேரத்தில் பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் தரையில் பனியே இல்லை. சுற்றிலும் ஒரு மீட்டர் அளவுக்கு மண் ஈரமாகி, ஆவி பறந்துகொண்டிருக்கிறது. நடுவே சின்னதாக இரண்டு உலோக உருளைகள்.

ஒருத்தர் ஒன்றைக் கையில் எடுத்தார். சுட்டது. கீழே போட்டார். கைக்கு அடக்கமான சைஸில் எட்டு, பத்து கிலோ கனம். அது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ராத்திரி குளிர் கொல்லப்போகிறது, இது சூடாக இருக்கிறது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த கணப்பு. பக்கத்தில் வைத்து, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்கள்.

சில மணி நேரத்தில் வாந்தி. தலைச்சுற்றல். விடிந்ததும் எப்படியோ விறகோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில் முதுகுத் தோல் வெந்து, புண்ணாகி, அழுக ஆரம்பித்தது. இரண்டு பேர் நிலைமை ரொம்ப மோசம். ஒருவரைப் பாரீசுக்கும் ஒருவரை மாஸ்கோவுக்கும் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். அதில் ஒருவர் சுமார் இரண்டரை வருடம் போராடி, 2004 மே மாதம் இறந்துபோனார்.

அந்த உருளைகள் ஒரு பேட்டரியின் வயிற்றுக்குள் இருந்தவை. எவரெடி மாதிரி, எக்ஸைட் மாதிரி, மின்சாரம் தருகிற சாதாரண பேட்டரி வேலைதான் அதற்கும். ஆனால் உள்ளே ரசாயனம் கிடையாது. அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது அணுக்கருவுக்குள் இருக்கிற ஒரு விசை.

அணுக்கருவின் விசையை வைத்து ஒரு சர்க்யூட்டை ஓட்ட முடியுமா? விஞ்ஞானப் புனைகதை மாதிரித் தோன்றுகிற கேள்வி. பதில் ரொம்பப் பழசு. முடியும். நூறு வருடத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என்ன சங்கடம் என்பதுதான் கதை.

முதலில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இயற்கையில் அடிப்படை விசைகள் மொத்தம் நான்கு. ஒன்று ஈர்ப்பு விசை. அணைக்கட்டுத் தண்ணீரைக் கீழே இழுத்து டர்பைனைச் சுற்ற வைப்பது அதுதான். இரண்டாவது மின்காந்த விசை. உங்கள் வீட்டு மிக்ஸி முதல் செல்போன் வரை அதன் ராஜ்ஜியம். மீதி இரண்டும் அணுக்கருவை விட்டு வெளியே வராத பிறவிகள். அணுக்கருவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் புரோட்டான்கள் எல்லாம் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று ஆகாது. சொத்துத் தகராறு உள்ள கூட்டுக் குடும்பம். அவற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடாமல் கட்டிப்போட்டிருப்பது வலிய விசை. அசுர பலம். ஆனால் கை ரொம்பக் குட்டை. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடி துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு நீளம் இருக்குமோ, அவ்வளவு தூரம்தான் அதன் பிடி. கொஞ்சம் பெரிய அணுக்கருவாக இருந்தால் பிடி தளர்ந்து, அவ்வப்போது ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். அதுதான் ஆல்ஃபா கதிர்.

நான்காவது, மெலிய விசை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது யாரையும் இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. ஆளையே மாற்றிவிடும். ஒரு நியூட்ரானைப் புரோட்டானாக மாற்றும். மாறும்போது ஒரு எலெக்ட்ரான் வெளியே தெறிக்கும். அதுதான் பீட்டா கதிர். 1930-களில் என்ரிகோ ஃபெர்மி இதற்குக் கணக்கு எழுதினார். இந்த விசையைச் சுமந்து செல்கிற துகளை ஜெனீவாவில் கண்டுபிடிக்க 1983 ஆகிவிட்டது. இதன் கை, வலிய விசையைவிட ஆயிரம் மடங்கு குட்டை.

இவ்வளவு குட்டையான கையை எந்தக் கம்பியிலும் கோக்க முடியாது. வலிய விசைக்கோ மெலிய விசைக்கோ பிளக் பாயின்ட் கிடையாது. அதனால் மனிதன் என்ன செய்தான் என்றால், விசையை விட்டுவிட்டு, அது வெளியே துப்புகிற சமாசாரத்தைப் பிடித்துக்கொண்டான். துப்பினது எலெக்ட்ரானாக இருந்தால் அதுவே மின்சாரம். இல்லாவிட்டாலும், பறந்து வருகிற துகள் எதன் மேலாவது மோதும், சூடு வரும், சூட்டிலிருந்து மின்சாரம். கல்பாக்கத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இந்த இரண்டாவது ரகம்தான். பிரமாண்டமாக வெந்நீர் வைக்கிறார்கள்.

முதலில் பிடித்தவர் ஹென்றி மோஸ்லி. இங்கிலாந்துக்காரர். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் பரிசோதனைச்சாலையில் இருந்தவர். 1913-ல் ஒரு கண்ணாடி உருண்டை செய்தார். உள்பக்கம் வெள்ளிப் பூச்சு. நடுவில் ஒரு கம்பி, அதன் நுனியில் ரேடியம் சரக்கு. அதிலிருந்து பீட்டா துகள்கள், அதாவது எலெக்ட்ரான்கள், கிளம்பி வெள்ளிச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவரில் நெகட்டிவ், நடுவில் பாசிட்டிவ். பேட்டரி ரெடி. அளந்து பார்த்தால் சுமார் 1,50,000 வோல்ட் ஏறியிருந்தது! வோல்ட்டைப் பார்த்து மிரளாதீர்கள். மின்னோட்டம் மகா சொற்பம். ஒரு டார்ச் பல்பைக் கண் சிமிட்ட வைக்கக்கூட அது காணாது.

மெலிய விசை என்று ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாத காலத்தில், அதை வைத்து ஒருவர் பேட்டரி செய்துவிட்டார். அதே வருடம்தான் தனிமங்களின் அணு எண்ணுக்கும் எக்ஸ் கதிருக்கும் உள்ள சம்பந்தத்தையும் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் கழித்து கலிபோலி யுத்தத்தில் தலையில் குண்டு பாய்ந்து செத்துப்போனார். வயசு 27. யுத்தத்துக்குப் போகாதே என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்காமல் போன ஆள்.

அப்புறம் நாற்பது வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1954 ஜனவரியில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி மறுபடி ஆரம்பித்தது. அங்கே பால் ராப்பபோர்ட் என்கிற விஞ்ஞானி, ஸ்ட்ரான்ஷியம்-90 என்கிற கதிரியக்கப் பொருளை ஒரு குறைகடத்தித் துண்டின் மேல் வைத்திருந்தார். பாய்கிற ஒவ்வொரு பீட்டா துகளும் உள்ளே ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். சோலார் செல் கதைதான். சூரியனுக்குப் பதில் ஸ்ட்ரான்ஷியம். கம்பெனித் தலைவர் டேவிட் சார்னாஃப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த பேட்டரியில் ஒரு தந்திக் கருவியை ஓட்டி, ‘சமாதானத்துக்காக அணு’ என்று அடித்துக் காட்டினார். ஐசன்ஹோவர் ஐ.நா.வில் முழங்கிய கோஷம் அது. ஒரு மாதம் கழித்து ரஷ்யாவுக்கும் கேட்கட்டும் என்று பசிபிக்கில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தார்கள் என்பது தனிக்கதை.

மூன்றே மாதம். ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடம் தன் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டியது. ஒரு பொம்மை ராட்டினத்தையே சுற்றவிட்டார்கள். ஆர்.சி.ஏ.யின் அணு பேட்டரி அதற்கு முன்னால் நிற்கவே முடியவில்லை. போதாக்குறைக்கு ஸ்ட்ரான்ஷியத்திலிருந்து வந்த வேகமான துகள்கள், எந்தப் படிகம் மின்சாரம் கொடுக்கிறதோ அந்தப் படிகத்தையே உள்ளுக்குள் சிதைத்துவிட்டன.

ஆகவே ரூட்டை மாற்றினார்கள். சூடு.

இரண்டு வேறு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைச் சூடாக்கி மறு முனையைக் குளிர வைத்தால் மின்சாரம் பாயும். ஸீபெக் என்கிற ஜெர்மானியர் 1821-லேயே பார்த்த விஷயம். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. தேய்வதற்கோ கெடுவதற்கோ ஒன்றுமில்லை. வேண்டியதெல்லாம் தொடர்ந்து சூடாக இருக்கிற ஒரு பொருள். அதற்கு லட்டு மாதிரி மாட்டியது புளூட்டோனியம்-238. குண்டு செய்கிற புளூட்டோனியம் இல்லை, அதன் தம்பி. ஒரு கிராம் எடுத்தால் அரை வாட் சூடு. இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த வருடம், சதா சூடு. சூடு பாதியாகக் குறைவதற்கு 87.7 வருடம் ஆகும். சூட்டில் நூற்றில் ஆறு பங்குதான் மின்சாரமாக மாறும், மீதி வீண். போனால் போகிறது.

1959 ஜனவரியில் இப்படி ஒரு ஜெனரேட்டரை ஐசன்ஹோவரின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டேகால் கிலோ கனம், இரண்டரை வாட் மின்சாரம். 1961 ஜூனில் டிரான்சிட் 4ஏ என்கிற செயற்கைக்கோள் புளூட்டோனியம் பேட்டரியோடு விண்வெளிக்குப் போனது. இப்படித்தான் ஆரம்பம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த பேட்டரிக்கு சுவிட்ச் கிடையாது. உங்கள் டார்ச்சை அணைத்தால் பேட்டரி சும்மா இருக்கும். புளூட்டோனியம் சும்மா இருக்காது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராக்கெட் மேலே போனாலும் கீழே விழுந்தாலும், அதுபாட்டுக்குச் சிதைந்துகொண்டே இருக்கும். மனிதன் ஏவினால் கேட்கிற ஜாதி இல்லை.

ராக்கெட் கீழே விழத்தான் செய்தது. 1964 ஏப்ரலில் ஒரு செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் திரும்பி விழுந்தபோது, அதன் பேட்டரியில் இருந்த சுமார் ஒரு கிலோ புளூட்டோனியம் இந்து மகாசமுத்திரத்துக்கு மேலே வானத்திலேயே எரிந்து தூளாகி, உலகம் பூராவும் பரவியது. அதற்கப்புறம் எரியாத உறை தயாரித்தார்கள். 1968-ல் நிம்பஸ்-பி செயற்கைக்கோள் கிளம்பியவுடனே வெடித்துக் கடலில் விழுந்தது. முங்கி எடுத்துத் துடைத்து, அதே எரிபொருளை அடுத்த வருடம் நிம்பஸ்-3-ல் வைத்து அனுப்பிவிட்டார்கள்! சிக்கனம். சந்திரனில் இறங்காமல் உயிர் பிழைத்து வந்த அப்போலோ-13-ன் பேட்டரி மட்டும், உறை கலையாமல், பசிபிக்கில் டோங்கா அகழியின் ஆழத்தில் கிடக்கிறது.

ஜெயித்த கதையும் உண்டு. 1977-ல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களுக்கும் தலா மூன்று புளூட்டோனியம் பேட்டரிகள், கூட்டிப் பார்த்தால் சுமார் 470 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டிக்குக் காணாது. அதை வைத்துக்கொண்டு வியாழன், சனி எல்லாம் பார்த்துவிட்டு, வாயேஜர்-1 2012-ல் சூரியனின் காற்று எட்டாத இடத்துக்கே போய்விட்டது. வருடத்துக்கு நாலு வாட் குறைந்துகொண்டே வந்தது. 2024 செப்டம்பரில் ஒரு கருவியை அணைத்தார்கள், 2025 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இன்னும் இரண்டு. வீட்டில் வருமானம் குறையக் குறையப் பெரியவர்கள் ஒவ்வொரு விளக்காக அணைப்பார்களே, அந்த மாதிரி. நம்முடைய விக்ரம் லேண்டரையும் பிரக்யானையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் ஜோராக இறங்கி, முதல் சந்திர ராத்திரியின் குளிரில் உறங்கினவை எழுந்திருக்கவே இல்லை. கணப்பு கிடையாது. மேலே சுற்றிக்கொண்டிருந்த உந்துகலத்தில் மட்டும், பரீட்சார்த்தமாக, தலா ஒரு வாட் தருகிற இரண்டு கதிரியக்கக் கணப்புகளை வைத்திருந்தார்கள்.

விண்வெளி இருக்கட்டும். இந்தப் பேட்டரியை மனிதனின் நெஞ்சுக்குள்ளேயே வைத்தார்கள், தெரியுமா?

1960-களில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. உள்ளே இருப்பது பாதரச-துத்தநாக பேட்டரி. இரண்டு வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம். அப்புறம் மறுபடி கத்தி. ஏற்கெனவே இதயம் பலவீனமான மனிதரை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் கிழித்தால் என்ன ஆகும்? 1970 ஏப்ரலில் பாரீஸ் டாக்டர்கள் ஒரு நோயாளிக்குப் புளூட்டோனியம் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். உலகத்திலேயே முதல் தடவை. இந்த ரகத்தில் சரக்கு 150 மில்லிகிராம் அளவுதான். ஒரு சிட்டிகை. ஆல்ஃபா கதிரைத் தடுக்க ஒரு காகிதமே போதும் என்பதால், உலோக உறைக்கு வெளியே வருவது சொற்பம். மெலிய விசையில் ஓடுகிற இன்னொரு ரகமும் வந்தது. புரோமீதியம்-147 என்கிற பொருளின் பீட்டா கதிரை வைத்து, லாரி ஓல்சன் குழுவினர் செய்த ‘பீட்டாசெல்’. அதையும் மனிதர்களுக்குப் பொருத்தினார்கள். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிற சமாசாரம் ஒருவரின் இதயத்தை லப்-டப் என்று அடிக்க வைத்துக்கொண்டிருந்தது! கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டுமா?

அமெரிக்காவில் நூவர்க் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் மட்டும் 1973-லிருந்து 1987 வரை 132 பேருக்கு 155 அணு பேஸ்மேக்கர்கள் வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிப் பார்த்ததில், பேட்டரி பழுதானது ஒரே ஒரு கேஸில். இதைவிட நம்பகமான பொருளை நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியிருந்தும் கைவிட்டார்கள். ஒரு காரணம், வில்சன் கிரேட்பேட்ச். பேஸ்மேக்கரின் பிதாமகர்களில் ஒருவர். அணு பேட்டரியையும் முயன்று பார்த்துவிட்டு, லிதியம்-அயோடின் பேட்டரிக்கு மாறியவர். அது பத்து வருடம் ஓடியது. பத்து வருடத்தில் பேஸ்மேக்கர் டெக்னாலஜியே மாறிவிடுகிறது. பழைய மாடலை நெஞ்சில் வைத்துக்கொண்டு எண்பது வருடத்துக்கான பேட்டரியை என்ன செய்வது?

இன்னொரு காரணம், சாவு. பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்தாலும் உள்ளே இருப்பது இறக்காது. எரித்தாலும் புதைத்தாலும் அது அங்கேதான் இருக்கும். அதனால் துப்பாக்கிக் குண்டு பட்டாலும், உடலோடு சேர்த்து எரித்தாலும் உடையாதபடி உறை. நோயாளி இறந்துவிட்டால் அதை எடுத்து, கடைசியில் லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும் என்று விதி. அதாவது, ஒருவர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று ஆஸ்பத்திரி ஆயுசுக்கும் விசாரித்துக்கொண்டே இருக்கவேண்டும். வீடு மாறுவார்கள். ஊர் மாறுவார்கள். வேறெங்கோ விழுந்து செத்தால், அங்கே இருக்கிற டாக்டருக்கு என்ன தெரியும்? பேட்டரி செய்வது சுலபம். அதை எழுபது, எண்பது வருடம் ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

மனிதர்கள் சாகலாம், சரி. ஒரு தேசம் செத்தால்?

சோவியத் யூனியன் இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிடத் தாராளம். ஆர்க்டிக் கடற்கரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். மாதக்கணக்கில் இருட்டு. கலங்கரை விளக்கம் வேண்டும், ஆள் போட முடியாது, மின்கம்பி இழுக்க முடியாது. போடு அணு பேட்டரி! புளூட்டோனியம் விலை ஜாஸ்தி என்பதால் ஸ்ட்ரான்ஷியம்-90. அணு உலைக் கழிவிலேயே கிடைக்கும். ஒவ்வொன்றும் அரை டன் கனம், அதில் முக்கால்வாசி கதிரைத் தடுக்கிற கவசம். கொடுப்பது பத்து வாட் மாதிரி. சுமார் 1,000 பேட்டரிகளைக் கடலோரத்திலும் மலைகளிலும் வைத்துவிட்டு வந்தார்கள். 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் என்கிற முகவரியே இல்லாமல் போனது. ரெஜிஸ்டரைப் பார்க்கிற ஆபீசர் போய்விட்டார், சம்பளம் போய்விட்டது, ரெஜிஸ்டரே பல இடங்களில் போய்விட்டது. ஸ்ட்ரான்ஷியம் மட்டும் அதுபாட்டுக்குச் சூடாக இருந்தது. பசித்தவன் என்ன செய்வான்? கவசத்தில் நல்ல உலோகம் இருக்கிறது, பழைய இரும்புக் கடையில் காசு கிடைக்கும். உடைத்துக் கவசத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்கள்.

லியாவில் நடந்தது இதுதான். இங்குரி, குடோனி அணைக்கட்டுகளுக்கு இடையே ரேடியோ தொடர்புக்காக 1980-களில் வைத்த பேட்டரிகள் அவை. குடோனி அணை பாதியில் நின்றது. பேட்டரிகளை யாரும் கேட்கவில்லை. கவசம் போய், உள்ளே இருந்த உருளை மட்டும் பனியில் கிடந்தது. பீட்டா துகள்கள் உலோகத்தில் மோதும்போது எக்ஸ் கதிர் கிளம்பும், அது காகிதத்துக்கெல்லாம் நிற்காது. 2002 பிப்ரவரியில் சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியோடு அந்த இரண்டையும் எடுத்தார்கள். இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் ஓடிப்போய்ச் சில நொடிகள் வேலை பார்த்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். மூன்று பேர் ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில் படுத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கலங்கரை விளக்கங்களில் இருந்த மற்ற பேட்டரிகளைப் பொறுக்கி எடுக்க நார்வேயும் அமெரிக்காவும் பணம் கொடுத்து, அதற்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது.

சரி, இதெல்லாம் பழங்கதை, என் செல்போனுக்கு எப்போது வரும் என்று கேட்கிறீர்களா? 2024 ஜனவரியில் பீஜிங்கில் பீட்டாவோல்ட் என்கிற கம்பெனி, நிக்கல்-63 வைத்து, 50 வருடம் சார்ஜே போட வேண்டாம் என்று ஒரு குட்டி பேட்டரியை அறிவித்தது. நம் பத்திரிகைகளில்கூட வந்தது. மெலிய விசைதான் இதிலும். ஆனால் நியூஸில் பெரிய எழுத்தில் போடாத விவரம், அது தருவது 100 மைக்ரோவாட். உங்கள் போனுக்குக் குறைந்தது ஒரு வாட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 10,000 பேட்டரி தேவை. அளவைப் பெருக்கிப் பார்த்தேன், பதினொரு லிட்டர் வருகிறது. ஒரு வாளி. போன் ஒரு கையில், வாளி ஒரு கையில்! அதே வருடம் டிசம்பரில் பிரிட்டனில், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தாரும் அந்நாட்டு அணுசக்தி ஆணையமும் சேர்ந்து, கார்பன்-14-ஐ வைரத்துக்குள் சிறை வைத்து பேட்டரி செய்தார்கள். பழைய அணு உலைகளில் குவிந்து கிடக்கிற கிராஃபைட்டிலிருந்து எடுக்கிற கார்பன். பாதியாகக் குறைய 5,700 வருடம். கொடுப்பது இன்னும் சொற்பம். ஆழ்கடலில், உடம்புக்குள், எங்கெல்லாம் போய் பேட்டரி மாற்ற முடியாதோ அங்கே இருக்கிற சின்ன சென்சாருக்குச் சரி. 5,700 வருடத்துக்கு அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கார்பன்-14-ன் கதிர் ரொம்ப மென்மை, வைரத்தைத் தாண்டாது என்கிறார்கள். உண்மைதான்.

நம் வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டி காணாமல் போயிருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

1964 அக்டோபரில் சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. அடுத்து ஏவுகணைச் சோதனை நடக்கும், அதை ஒட்டுக் கேட்கவேண்டும் என்று அமெரிக்காவுக்கு அரிப்பு. இந்தியாவுக்கு 1962-ன் ரணம். இரண்டு நாட்டு உளவுத்துறைகளும் சேர்ந்து போட்ட திட்டம்: இமயமலை உச்சி ஒன்றில் ஒட்டுக் கேட்கிற கருவி. தேர்ந்தெடுத்த சிகரம் நந்தாதேவி. 7,816 மீட்டர். அங்கே கருவிக்கு யார் போய் பேட்டரி மாற்றுவது? புளூட்டோனியம். விண்வெளிக்காகச் செய்த ‘ஸ்நாப்’ ரக ஜெனரேட்டர்.

அணியின் தலைவர் கேப்டன் எம்.எஸ்.கோலி. அதே 1965 மே மாதம் ஒன்பது பேரை எவரெஸ்ட் உச்சியில் ஏற்றி இந்தியாவே கொண்டாடிய மனிதர். ஆன்டெனா, ரேடியோப் பெட்டிகள், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோவுக்கு மேல். ஜெனரேட்டரில் எரிபொருளைப் போட்டதும் அது சூடாகிவிட்டது. ஷெர்பாக்களுக்கு ஏக சந்தோஷம். அதைச் சுமக்கப் போட்டி, ராத்திரி கூடாரத்தில் அதன் பக்கத்தில் படுக்க ஆசை. லியாவில் அந்த மூன்று பேருக்குத் தோன்றிய அதே ஆசைதான். இது புளூட்டோனியம், உறை கலையாமல் இருந்தது, பெரும்பாலும் ஆல்ஃபா. அது ஸ்ட்ரான்ஷியம், கவசம் போனது. இன்னதென்று ஷெர்பாக்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

அக்டோபரில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நான்காவது முகாமில், வானிலை மோசமாகியது. ஆட்கள் செத்துவிடுவார்கள். கோலி திரும்பச் சொன்னார். சரியான முடிவு. சாமான்களைப் பாறையிடுக்கில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள், அடுத்த வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. 1966-ல் போய்ப் பார்த்தால், பாறையே இல்லை. பனிச்சரிவு மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. மறுபடி மறுபடி போய்த் தேடினார்கள். ரிஷிகங்கை ஆற்றுத் தண்ணீரில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. பெட்டியும் இல்லை. 1967-ல் பக்கத்தில் நந்தாகோட் சிகரத்தில் இன்னொரு கருவியை வைத்து, அது கொஞ்ச நாள் வேலை செய்து, அதை மட்டும் ஒழுங்காகக் கீழே கொண்டுவந்தார்கள்.

ரகசியம் பன்னிரண்டு வருடம் தாங்கியது. 1978-ல் ‘அவுட்சைட்’ என்கிற அமெரிக்கப் பத்திரிகை உடைத்தது. டெல்லியில் அமளி. பிரதமர் மொரார்ஜி தேசாய் அந்த ஏப்ரலில் பாராளுமன்றத்தில் எழுந்து, ஆமாம், நடந்தது உண்மை என்றார். விஞ்ஞானிகள் கமிட்டி போட்டார்கள். ஆபத்து மிகக் குறைவு என்று சொன்னது கமிட்டி. அப்புறம் எல்லோரும் மறந்துபோனோம்.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் மறக்கவில்லை. 2021 பிப்ரவரி 7-ம் தேதி சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கை திடீரென்று வெள்ளமாக இறங்கி, நீர்மின் நிலையங்களை அடித்துக்கொண்டு போய், இருநூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்களே, அப்போது ரைனி கிராமத்தார் முதலில் சந்தேகப்பட்டது அந்தப் பெட்டியைத்தான். விஞ்ஞானிகள் ஆராய்ந்து, ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் மொத்தமாகப் பெயர்ந்ததுதான் காரணம் என்றார்கள். அதுதான் சரி. ஒரு பெட்டியின் சூட்டுக்கு ஒரு மலையை உருக்குகிற சக்தி கிடையாது. ஆனால் கிராமத்தாரைச் சிரித்துவிட முடியவில்லை. தங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. வேறு தேசத்துப் பத்திரிகை சொல்லித்தான் நமக்கே தெரிந்தது.

கேப்டன் கோலி 2024 ஜூனில் காலமானார். பெட்டி பனிக்கு உள்ளேயோ பாறைக்கு அடியிலோ எங்கேயோ இருக்கிறது. 1965-ல் அதற்குள் வைத்த புளூட்டோனியத்தின் சூடு பாதியாகக் குறைய 2053 ஆகும்.